தகடு வைக்காத பெல்ட்

கும்பகோணத்தில் வண்டிகளுக்கு சீட் தைத்து மாட்டும் பட்டறை வைத்திருக்கும் பெண் நான். ஒரு கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என்னை மாப்பிள்ளையின் அண்ணன் எல்லார் முன்னாலும் எழுப்பினார். "சீட் தைக்கிறவங்களுக்கு முன் சீட்டா? பின்னாடி போங்க" என்றார். போனேன். மறக்கவில்லை.

ஏழு வருடம் கழித்து, துபாயிலிருந்து திரும்பிய அவரே ஒரு ஜீப்போடு வந்தார். கொள்ளிட மணலில் ஓட்டுவதற்கு ரேஸ் சீட்டும், தோளையும் இடுப்பையும் இறுக்கும் நாலு பட்டை பெல்ட்டும் மாட்ட வேண்டுமாம். என்னை அவருக்கு அடையாளமே தெரியவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

பெல்ட் போல்ட்டுக்கு அடியில் கனத்த இரும்புத் தகடு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி கவிழும்போது போல்ட் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். டிரைவர் சீட்டுக்கு மட்டும் நான் தகடு வைக்கவில்லை. தெரிந்தேதான்.

வண்டி எடுக்கும் நாளில் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். டிரைவர் சீட்டில் ஏறியது அவர் மனைவி.

"நீயா ஓட்டப் போறே?" என்றேன்.

"வண்டியே என்னோடதும்மா. அவருக்கு சைக்கிளே தகராறு" என்று சிரித்தாள். "பெல்ட் சரியா இருக்கான்னு பாருங்க."

பட்டையைத் தொட்டதும் கையை எடுத்தேன். "எறங்கும்மா" என்றேன். செய்ததையும் காரணத்தையும் மறைக்காமல் சொன்னேன். அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலை நிமிரவில்லை.

தகடு வைத்து முறுக்கும்போது கீழே ஒரு ஆள் நட்டைப் பிடிக்க வேண்டும். "நீங்க படுங்க தம்பி" என்றேன். வெள்ளை வேட்டியோடு வண்டிக்கடியில் படுத்தார். நான் அவசரப்படாமல் முறுக்கினேன்.

அந்தப் பெண்ணை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. அவரே ஓட்டுகிறவராக இருந்திருந்தால் தகடு வைத்திருப்பேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.