தலை இடிக்காத பார்வையாளர்

ஆளைப் பார்த்ததும் எடைபோட்டுவிடுவேன் என்ற கர்வம் எனக்கு ஐம்பது வயதுவரை இருந்தது. அதைக் கொண்டு ஒரு கல்யாணத்தை ஏறக்குறைய நிறுத்தியிருக்கிறேன்.

எங்கள் ஊர்ப் பழைய கிளைச் சிறையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டபோது, வரலாறு படித்துவிட்டு மில் ஆபீஸில் காலம் தள்ளிய என்னைக் கைடாகப் போட்டார்கள். வரி கட்டாத விவசாயிகளை அடைக்க வெள்ளைக்காரன் கட்டிய ஜெயில் அது. பிறகு கொடி பிடித்த மில் தொழிலாளர்கள் இருந்தார்கள். கடைசிக் காலத்தில், சேவல்கட்டுச் சூதில் மாட்டியவர்கள். முதல் இரண்டையும் விரித்துச் சொல்வேன். சேவலைச் சொல்ல மாட்டேன். டிக்கெட் எடுத்து வருகிறவர்கள் தியாகியை எதிர்பார்க்கிறார்கள்.

மூன்றாம் ரூமின் வாசல் தாழ்வு. வேண்டுமென்றே எச்சரிக்க மாட்டேன். இடித்துக்கொண்டு தலையைத் தேய்ப்பவரிடம், "கலெக்டரே இங்க குனிஞ்சுதானுங்க வந்தாரு" என்பேன். கூட்டம் சிரிக்கும். என் டூரின் உச்சகட்டம் அதுதான்.

ஒரு ஞாயிறு, இரண்டு குடும்பங்கள் வந்தன. கல்யாண மண்டபம் பார்க்க வந்தவர்கள்; சாவிக்காரர் வரும்வரை பொழுது போகவேண்டும். மறுநாள் உப்புச்சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்வதாக ஏற்பாடு. மாப்பிள்ளையின் அப்பா, "உள்ள காத்தில்லீங்க" என்று மூன்றாம் ரூமுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். பெண்ணின் அப்பாவோ பேசிக்கொண்டே வந்தவர், வாசலைப் பார்க்காமலே சரியாகக் குனிந்து நுழைந்தார். அவர் கை தானாகப் போய் ஜன்னலோரச் சுவரில் இருந்த சின்னப் பொந்தைத் தடவியது.

என் உச்சகட்டம் போன எரிச்சலில் உரக்கக் கேட்டேன்: "ஏனுங்க, உள்ளயே குடியிருந்தவராட்டக் குனியறீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. அவர் மனைவி தரையைப் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா அந்த அம்மாளைப் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, இங்க முன்னயே வந்திருக்கீங்களா?" என்று பெண்ணின் அப்பாவிடம் கேட்டார்.

அவர் துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவர் நிஜமாகவே இங்கே உள்ளே இருந்தவர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஐயா வராமயாங்க? அந்தக் காலத்துல ஜெயிலுக்கே பால் ஊத்துனது இவங்கதானுங்க. ரூம் ரூமா வந்து ஊத்துவாங்களாமா" என்றேன். எந்தப் புத்தகத்திலும் இல்லாத வரலாறு.

"ஆ… ஆமாமுங்க" என்றார் அவர். "எருமைப் பாலுங்க."

"அதானே! பால் யாவாரம் ராசியானதுங்க" என்று மாப்பிள்ளையின் அம்மா முகம் மலர்ந்தார்.

அன்றிலிருந்து நான் அந்த வாசலுக்கு முன்பே, "தல பத்திரமுங்க" என்று சொல்லிவிடுகிறேன். எல்லோரும் குனிந்தால் யாரும் தனியாகத் தெரிவதில்லை.

அன்று எல்லோரும் வேனில் ஏறியபின் மாப்பிள்ளையின் அப்பா மட்டும் திரும்பி வந்தார். ஒரு சம்பந்தத்தைக் காப்பாற்றிய பெருமையோடு நின்றிருந்தேன்.

"நாளைக்கு நிச்சயம் உறுதிதானுங்க. தங்கமான மனுசன்" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "ஆனா சேவக்கட்டுக் கேசுல நானும் இங்க நாலாம் ரூம்ல ஒரு மாசம் கெடந்தேனுங்க. பாலைக் கண்ணுல கண்டதில்ல. அடுத்த தடவை நீர்மோருன்னாச்சும் சொல்லிப்போடுங்க."