இன்னொண்ணு மாஸ்டரின் பட்டப்படிப்பு

வகுப்பு தொடங்க இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. மாஸ்டர் அதற்குள் மடிக்கணினி முன்னால் வந்து உட்கார்ந்தாயிற்று. மேலே இஸ்திரி போட்ட காலர் பனியன், கழுத்தில் விசில். மேசைக்குக் கீழே, கேமரா எட்டாத இடத்தில், சாயம் போன அரைக்கால் சட்டை. ஆசிரியை கேள்வி கேட்டால் திரையில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும் என்பது மூன்று வருடமாகியும் அவருக்குப் பிடிபடவில்லை. சொந்தக் கையையே தூக்குவார். கை கேமராவுக்கு மேலே போய்விடும்; அக்குள்தான் தெரியும்.

"பட்டனை அமுக்குண்ணே, பட்டனை" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து தம்பி முணுமுணுப்பான்.

மாஸ்டருக்கு நாற்பத்தாறு வயது. ஜிம்மில் இருபத்திரண்டு வருட சர்வீஸ். பத்து முறை என்று பேசித்தான் ஆளை எடை மாட்டிய பாருக்குக் கீழே நிறுத்துவார். பத்து முடிந்து அந்த ஆள் பாரைத் தாங்கியில் வைக்கப் போகும்போது முகத்துக்கு நேரே குனிந்து "இன்னொண்ணு!" என்பார். பல் டாக்டர், லாரி கம்பெனிக்காரர், கல்யாணத்துக்குள் தொப்பையைக் கரைத்தாக வேண்டிய மாப்பிள்ளை, எல்லாரும் மனதுக்குள் திட்டிக்கொண்டே இன்னொன்று செய்வார்கள். 'இன்னொண்ணு மாஸ்டர்' என்று காதுபடவே கூப்பிடுவார்கள். அவருக்கு அதில் பெருமைதான்.

படிப்பு அவராகத் தேடிப் போனதல்ல. ஜிம்மைப் புதிதாக வாங்கிய முதலாளி ஒரு நாள் சுவரைக் காட்டி, "இங்க மாட்ட ஒரு பட்டம் வேணும் மாஸ்டர். இல்லேன்னா நீங்க மெஷின் தொடைக்கிற வேலைக்குத்தான் சரி" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு மாஸ்டருக்கு ஒரு வாரம் சாப்பாட்டில் கிடந்து உறுத்தியது. இணைய வழியில், உடல் வலுவும் பயிற்சியும் என்ற பட்டப்படிப்பில் சேர்ந்தார். மதியம் ஜிம் மூடியிருக்கும் மூன்று மணி நேரம்தான் கல்லூரி. கூடப் படிப்பவர்களுக்கெல்லாம் இருபது வயது. சின்னச் சின்னக் கட்டங்களில் கொட்டாவி விடுவார்கள்.

படித்ததை வீட்டில் யார் மேலாவது பிரயோகிக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. மனைவி தண்ணீர் வாளியைத் தூக்கினால், "இடுப்ப மடக்கு, முதுக மடக்காத!" என்று கூடத்திலிருந்து சத்தம் வரும்.

"வாளிக்கும் வாத்தியாரா? வந்து தூக்குங்களேன், பாத்து கத்துக்கறேன்" என்பாள் அவள். அதற்கு மட்டும் அவரிடம் பாடம் இருந்ததில்லை.

பாடமெல்லாம் அவருக்கு அரைகுறையாக வரும் மொழியில். கேட்டால் புரியும், எழுத வராது. அதனால் கட்டுரைகளை மாஸ்டர் பேச்சுத் தமிழில் சொல்லச் சொல்ல, தம்பிதான் அந்த மொழிக்கு மாற்றி அடித்துக் கொடுப்பான். தம்பிக்கு முப்பத்து நாலு வயது. பயணச்சீட்டு கவுன்டரில் காலை நேர வேலை. காலை முழுக்கத் தட்டித் தட்டி விரல் பழகியிருக்கிறது. நாற்காலியிலிருந்து எழுவதுதான் அவனுக்கு மூன்று தவணை வேலை. முதலில் மேசையைப் பிடிப்பான். பிறகு இடுப்பை முன்னுக்கு நகர்த்தி, கொஞ்சம் மூச்சு விடுவான். அப்புறம்தான் எழுவான். அந்த நேரத்தில் மாஸ்டருக்குக் கடிகாரத்திலோ ஜன்னலிலோ ஏதாவது பார்க்க வேண்டியிருக்கும்.

பதினோரு வருடத்துக்கு முன்பு அவன் எடை தூக்குகிறவனாக இருந்தான். மாஸ்டரே தயார் செய்த ஆள். தேர்வுப் போட்டிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்தவன் எழவில்லை. முதுகெலும்பில் தட்டு விலகி, அறுவை சிகிச்சையாகி, அத்தோடு எல்லாம் முடிந்தது. ஏன் அப்படி ஆயிற்று என்று கேட்டவர்களுக்கெல்லாம் மாஸ்டர் ஒரே பதில் வைத்திருந்தார்: "உடம்புல இருந்துச்சு, மனசுல வலு பத்தல. பாதியில பயந்துட்டான்." சொந்தக்காரர்களும் அதையே சொன்னார்கள். தம்பி எதிரிலேயே சொன்னார்கள். அவன் மறுத்ததில்லை.

மூன்றாம் வருடத்தில் ஒரு பாடம் வந்தது. எடையை வாரத்துக்கு எவ்வளவு ஏற்றலாம், எங்கே நிறுத்த வேண்டும், தூக்குகிறவனைக் காக்க ஆள் அவன் பின்னால் எப்படி நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதில். இன்னும் இரண்டு முறை செய்யத் தெம்பு இருக்கும்போதே நிறுத்திவிடு என்று ஆசிரியை படம் போட்டுக் காட்டினார். அன்றைக்கு மாஸ்டர் கையைத் தூக்கவில்லை. வகுப்பு முடிந்தும் ஜிம்மைத் திறக்கக் கிளம்பாமல், அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. பதினோரு வருடம் தாமதித்து வந்த வெட்கம், வட்டியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்தது.

அதற்கப்புறம் ஜிம்மில் பத்தோடு அவர் வாய் மூடிக்கொண்டது. பல் டாக்டர் பாரைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, "மாஸ்டருக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்.

அந்தப் பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள்: நேரில் கண்ட ஒரு காயம், அதன் காரணம்.

"இத நானே அடிச்சுக்கறேன்" என்றார் மாஸ்டர்.

"நீயா?" என்றான் தம்பி.

"ஏன், எனக்கு விரல் இல்லையா?"

அகராதியும் இரண்டு விரலுமாகப் பதினோரு நாள் அடித்தார். பெயர் போடவில்லை; 'ஒரு வீரன்', 'ஒரு பயிற்சியாளர்' என்றே எழுதினார். முடித்ததும், எப்படி அனுப்புவது என்று தெரியவில்லை. மூன்று வருடமாக அனுப்பிப் பழகியவன் தம்பிதான்; கடவுச்சொல்கூட அவனிடம்தான் இருந்தது. "நீ அனுப்பி மட்டும் விடு. தொறந்து பாக்காத" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் குளிக்கப் போய்விட்டார். பூனையிடம் பாலை ஒப்படைத்து, மூடியைத் திறக்காதே என்று சொன்ன மாதிரி.

கட்டுரை சென்ற வாரம் திரும்பி வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு, வகுப்பிலேயே அதுதான் அதிகம். ஆசிரியை ஓரத்தில் எழுதியிருந்ததை மாஸ்டர் எழுத்துக் கூட்டிப் படித்தார். 'முந்தின நாளைவிட இருபது கிலோ கூடுதலா? அதுவும் பயிற்சியாளர் முன்னால் நின்றுகொண்டா? இவரை ஆட்கள் பக்கமே விடக் கூடாது. மிகச் சிறப்பான அலசல்.'

மாஸ்டர் எழுதியது பத்து கிலோ. பின்னால் நின்றதாகத்தான் எழுதியிருந்தார்.

இருபதுதான் உண்மை. தேர்வுக் குழுவிலிருந்து இரண்டு பேர் அன்று ஜிம்முக்கு வந்திருந்தார்கள். அவர்கள் கண்ணில் படும்படி மாஸ்டர் முன்னால் போய் நின்றுகொண்டார். ஐந்து முறை என்று பேச்சு. ஐந்தாவதில் தம்பியின் முழங்கால் நடுங்கியதை அவர் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் குனிந்து, "இன்னொண்ணு!" என்றார். பெயர் சொல்லாமல் ஒப்புக்கொள்ளும்போதுகூட அவருக்குப் பாதிக்கு மேல் மனசு வரவில்லை.

இன்றைய வகுப்பில் ஆசிரியை அந்தக் கட்டுரையைப் பற்றி நிறையப் பேசினார். கொட்டாவிக் கட்டங்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தன. கடைசியில் ஆசிரியை கேட்டார்: அந்தப் பயிற்சியாளர் இப்போது என்ன செய்கிறார்?

மாஸ்டர் கையைத் தூக்கவில்லை, பொத்தானையும் அழுத்தவில்லை. பக்கத்தில் தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் வேலையிலதான் இருக்கார்" என்றார் மாஸ்டர் தமிழிலேயே. ஆசிரியைக்குப் புரியவில்லை. தம்பி குனிந்து, அதை அந்த மொழியில் பிழையில்லாமல் அடித்து அனுப்பினான்.

திரை அணைந்தது.

"நீதான் மாத்தினியா?"

"தப்பா இருந்துச்சு. திருத்தினேன். மார்க் போயிடும்ல."

"உனக்கு நான் சொல்லலையேடா, எத்தனை கிலோன்னு. நான்தானே எடைத் தட்டு மாட்டினேன்."

"பார் என் தோள்லதானேண்ணே இருந்துச்சு."

மாஸ்டர் வாயைத் திறந்தார். இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் மூச்சை எண்ணிய வாய். "அப்பவே சொல்லியிருக்கலாமேடா" என்று மட்டும் வந்தது. சொல்ல வேண்டியது அதுவல்ல என்று அவருக்கே தெரிந்தது.

"மணியாச்சு, ஜிம்மத் தொறக்கப் போ" என்று சொல்லிவிட்டுத் தம்பி எழ ஆரம்பித்தான். மேசையைப் பிடித்தான். இடுப்பை முன்னுக்கு நகர்த்தினான்.

இந்த முறை மாஸ்டர் ஜன்னலைப் பார்க்கவில்லை. எழுந்து அவன் பின்னால் போய் நின்றார். பாடத்தில் இருந்தபடியே, முழங்கால்களைச் சற்று மடக்கி, அவனுடைய இடுப்பின் இரு பக்கமும் உடம்பில் படாமல் ஒரு சாண் இடைவெளியில் கைகளை வைத்துக்கொண்டார்.

தம்பி மூச்சு விட்டான். திரும்பிப் பார்க்காமலே ஒரு கையைப் பின்னால் கொண்டுவந்து, அந்த இரண்டு கைகளையும் ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, மறுபடி மேசையைப் பிடித்து எழுந்தான்.