நிழலுண்ணியின் தாய்

மத்திகிரி கால்நடைப் பண்ணையில் பிறக்கிற ஒவ்வொரு கன்றுக்கும் பேர், பிறந்த தேதி, தகப்பன் காளை, தாய்ப்பசு, தாயின் பால் அளவு என்று வம்சப் பதிவேட்டில் எழுதி வைப்பது கோவிந்தப்பனின் வேலை. பதினாறு வருடமாக எழுதிக்கொண்டிருந்தார். 1956இல் அவருக்கு நாற்பத்துநாலு வயது. பண்ணைக்கு வெளியே ஒற்றை அறை வாடகை வீடு. காலையில் தானே களி கிண்டி இரண்டு உருண்டை பிடிப்பார். ஒன்று அப்போதைக்கு, ஒன்று ராத்திரிக்கு.

மனைவி நஞ்சம்மா காவேரிப்பட்டினத்தில் அண்ணன் வீட்டில் இருந்தாள். ஒன்றரை வயதுப் பெண்குழந்தை காய்ச்சலில் போன பிறகு அங்கே போனவள். ஒன்பது வருடம் ஆகிவிட்டது. பிறந்த வீட்டுக்குப் போன பெண்ணைப் புருஷன் வந்து அழைக்கவேண்டும். அவளாக வந்து நின்றால் அவளுக்கு மரியாதை இல்லை. கோவிந்தப்பனுக்கு இது தெரியும். ஒவ்வொரு பொங்கலுக்கும் போய் அழைப்பதாக இருந்தார். ஒரு வருடம் வேட்டியைத் துவைத்துக்கூட வைத்தார்.

தனியாக இருக்கிற வீட்டில் பொழுது போகவேண்டுமே. ராஜகுமாரர்களும் மந்திரவாதிகளும் வருகிற கதைகள் எழுதி, சேலத்தில் ஒரு சின்ன மாத இதழுக்கு அனுப்பினார். அவர்களும் போட்டார்கள். அவருடைய ராஜகுமாரர்கள் எல்லாரும் ஒரே அச்சு. வாள்கள்தான் தனித்தனி. 'ஏழுமுழப் பாம்பு' உறைக்குள் சுருண்டு கிடக்கும். 'பனிநாக்கு' வெட்டினால் ரத்தம் வராது, குளிரும். 'நிழலுண்ணி'யை உயர்த்தினால் எதிரே நிற்பவனின் நிழல் காணாமல் போகும். நிழல் போனவனுக்குத் தான் யார் என்பதே மறந்துவிடும்.

நிழலுண்ணி எங்கிருந்து வந்தது என்று வாசகர்கள் கேட்கிறார்கள், எழுதுங்கள் என்று ஆசிரியர் கடிதம் போட்டார். மலையுச்சியில் விழுந்த ஒரு மின்னல் அணையாமல் கிடந்து வாளாயிற்று என்று கோவிந்தப்பன் எழுதினார். மத்தியானம் காளைக் கொட்டகை ஆள் திம்மராயனுக்கு அதை வாசித்துக் காட்டினார். திம்மராயனுக்கு எழுத்துத் தெரியாது. கதை என்றால் உட்கார்ந்துவிடுவான்.

"மின்னலு அப்பன். செரி. அம்மா யாருங்க?"

"வாளுக்கு எதுக்குடா அம்மா?"

"நல்லா இருக்குதே நாயம்! அம்மா பேரு இல்லாம ஒரு கன்னுக்குட்டியக் கொண்டாந்தா நீங்க எழுதிக்குவீங்களா? ஓட்றா வெளியன்னு சொல்லமாட்டீங்க?"

கோவிந்தப்பன் சிரித்துவிட்டார். ஆனால் அவன் சொன்னது சரி. வீட்டுக்குப் போய்த் தாயை எழுதினார். தென்பெண்ணையில் கருமணல் அரித்து இரும்பு உருக்கும் ஒரு பெண். தலைமயிரைப் பின்னாமல் சுற்றிச் செருகிக்கொள்பவள், நின்றுகொண்டே சாப்பிடுபவள், பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுபவள். மின்னல் விழுந்த மணலை உருக்கி அவள் வாளைப் பெற்றாள். விடிந்ததும் அதை உலைக்களத்திலேயே போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விட்டாள். தாய் விட்டுப் போன பசியில்தான் அந்த வாள் நிழல்களைத் தின்கிறது.

எழுதி முடித்த பிறகுதான், எழுதியது நஞ்சம்மாவை என்று அவருக்குத் தெரிந்தது. இதழ் வந்ததும் ஒரு பிரதியைக் காவேரிப்பட்டினத்துக்குத் தபாலில் அனுப்பினார். கடிதம் எதுவும் வைக்கவில்லை. தான் போய் அழைப்பதற்குப் பதிலாகக் கதை போகட்டும் என்று நினைத்தார்.

எட்டாம் நாள் ஒரு கார்டு வந்தது. நஞ்சம்மா சொல்லச் சொல்ல அவள் அண்ணன் மகள் எழுதியது. குண்டு குண்டாகப் பள்ளிக்கூடக் கையெழுத்து.

"கதையைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். மணல் அரிக்கிறது நன்றாக இருந்தது. ஆனால் அவள் போகவில்லை. போகச் சொன்னார்கள். தப்பாக எழுதியிருக்கிறது. நஞ்சம்மா."

கோவிந்தப்பன் கார்டை இரண்டாம் தரம் வாசித்தார். 'உன் மூஞ்சியப் பாத்தா கொழந்த நெனப்புத்தான் வருது, உங்கண்ணன் ஊட்டுக்குப் போயிரு' என்று சொன்னது அவர்தான். ஒன்பது வருடத்தில் அந்தப் பேச்சு எங்கோ கரைந்து, அவள் விட்டுப் போனாள் என்பது மட்டும் மிஞ்சியிருந்தது.

பண்ணைப் பதிவேட்டில் தப்பு வந்தால் சுரண்டி அழிக்கக்கூடாது. சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். தன்னிடமிருந்த இதழில், கதை அச்சான பக்கத்தில் அவர் அப்படியே செய்தார். ஆசிரியருக்கும் ஒரு திருத்தம் அனுப்பினார். 'வாள்தான் பிறந்துவிட்டதே, அடுத்த சண்டையை எழுதுங்கள்' என்று பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கோவிந்தப்பன் காவேரிப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினார்.

வாசலில் நஞ்சம்மாவின் அண்ணன் ஆஞ்சப்பன் நின்றிருந்தார். "வாங்க மாப்ளே. ஒம்போது வருசத்துல இன்னிக்குத்தான் பஸ்ஸு கெடச்சுதா?"

நஞ்சம்மா அடுக்களை நிலையில் வந்து நின்றாள். முன்மயிர் நரைத்திருந்தது. கோவிந்தப்பன் இதழைப் பிரித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். "உன்னைப் பார்த்தால் எனக்கு எரிகிறது, போய்விடு என்று மின்னல் சொன்னது. அவள் அழுதுகொண்டே..."

"அழல," என்றாள் நஞ்சம்மா. "மொடாவுல தண்ணி ரொப்பி வெச்சுட்டுத்தான் போனேன்."

அவர் பேனாவை எடுத்து அதையும் அடித்து எழுதினார்.

"இப்ப செரி," என்றாள். சோறு போட்டாள். அவர் சாப்பிட்டு எழுந்ததும் கேட்டாள். "இதப் படிக்கத்தான் வந்தீங்களா?"

ஆஞ்சப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். கார்டு எழுதிய பெண்ணும் கதவோரம் நின்று பார்த்தாள்.

"ஆமா. திருத்தினதக் காட்டிட்டுப் போலாம்னு."

"காட்டியாச்சு," என்று சொல்லி, அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கிருஷ்ணகிரியில் பஸ் மாறி, குருபரப்பள்ளி தாண்டும்போது கோவிந்தப்பன் வாய்விட்டே கேட்டார்: "வர்றியா?"

மடியில் சேவல் கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் திரும்பினார். "எங்கீங்க?"

"ஒண்ணுமில்லீங்க," என்றார் கோவிந்தப்பன்.