நெருப்பு வேண்டாம் என்றேன்

கும்பகோணத்தில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். அதிகம் பேச வராது. போன வருடம் மீன் விற்கும் அக்கா ஒருவர், நெல் லாரியில் மோதி முன்பக்கம் வளைந்துபோன தன் வேனை இழுத்து வந்தார்.

“கேஸ் வச்சுக் காய்ச்சி நிமித்திக் குடு. நாளைக்கு மீன் ஏத்தணும்.”

“சேஸிஸ் சட்டத்துல நெருப்பு வைக்க மாட்டேன்க்கா. சங்கிலி போட்டு இழுக்க நாலஞ்சு நாள் ஆகும்.”

“அதுவரைக்கும் என் மீனை நீயா விப்பே?”

நான் வேறு வேலையைப் பார்க்கத் திரும்பினேன். வண்டியை ஊர்க்கோடியில் இருந்த வேறு பட்டறைக்கு இழுத்துப் போய்விட்டார்.

நான் தப்பு செய்யவில்லையே என்று எண்ணிக்கொண்டேன். ஆனாலும் மத்தியானம் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். இன்னொரு தடவை மோதினால் முன்சீட்டில் இருக்கப்போவது அவர்தானே. கையைக் கழுவிவிட்டு பைக்கை எடுத்தேன். இந்நேரம் காய்ச்சியிருப்பார்களோ என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது.

அங்கே அப்போதுதான் நெருப்பைப் பற்றவைத்தார்கள்.

“என்ன, கஸ்டமரைப் பிடிச்சுட்டுப் போக வந்தியா?” என்றார் பட்டறைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நான் நேராக அக்காவிடம் போனேன்.

“அக்கா, சிவக்கக் காய்ச்சினா இந்த இரும்பு சுலபமா நிமிரும். ஆனா பலம் போயிடும். மறுபடி மோதினா உங்களைக் காப்பாத்தாது.”

அக்கா என் பக்கம் திரும்பினார். “இதைக் காலையிலயே வாயைத் திறந்து சொல்றதுக்கென்னய்யா?”

வேன் திரும்பி என்னிடமே வந்தது. அது தயாராகும்வரை அக்கா கூடையோடு பஸ்ஸில் போனார்.

‘மாட்டேன்’ என்றதோடு என் பொறுப்பு முடிந்தது என்றிருந்தவன் நான். இப்போதெல்லாம் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.