ஏழு எண்ணி அடித்த சாமை

வேலூரில் படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்தபோது என் போனில் ஓர் ஆல்பத்தை ஏற்றிவிட்டுப் போனாள். ப்ரோக்ரஸிவ் மெட்டல் என்றாள். ஒவ்வொரு பாட்டும் ஒரு படி சாமைச் சோறு வேகும் அளவுக்கு நீளம். பாடுகிறவன் கரடிபோல உறுமுவான். சட்டென்று அடங்கி, கிட்டார் மட்டும் தொட்டில் ஆட்டும். கூட்டத்தில் வாய் திறக்காதவன் நான். மாடு மேய்க்கும்போது தனியாகக் கேட்டுக் கேட்டு ஒன்று பிடிபட்டது. இரண்டாம் பாட்டின் நடுவில் டிரம் நாலு தட்டு எண்ணிக்கையை விட்டு ஏழுக்கு மாறுகிறது.

இதை வைத்து மச்சானைக் கவிழ்க்கலாம் என்று தோன்றியது.

மச்சான் என் மனைவியின் அண்ணன். சாமை அடிக்க எதிரெதிராக இரண்டு வரிசை நின்று மாற்றி மாற்றித் தடி போடுவோம். முதலில் நின்று எல்லோருக்கும் எண்ணிக்கை கொடுக்கும் முன்தடி பிடிக்கிறவர் அவர். நாலுக்கு ஒரு தடவை விழும் கனத்த அடி எப்போதும் முன்தடி வரிசைக்குத்தான். எந்தப் பாட்டுக்கும் தன் தடி தப்பாது என்று பெருமையடிப்பார்.

எங்கள் சாமையை அடித்த அன்று அந்த ஆல்பத்தை ஸ்பீக்கரில் போட்டேன். முதல் பாட்டுக்கு மச்சான் சிரித்துக்கொண்டே அடித்தார். இரண்டாவதில் ஏழு வந்தது. ஏழில் கனத்த அடி ஒருமுறை இந்தப் பக்கம், மறுமுறை அந்தப் பக்கம் போகும். விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை. எதிர்வரிசையின் முறையிலும் ஓங்கி அடித்தார். தடிகள் மோதின. பெண்கள் சிரித்தார்கள்.

"இன்னா மச்சான், தடி தப்புது?" என்றேன்.

தடியைப் போட்டுவிட்டுப் பலாமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார். முன்தடி இல்லாமல் இங்கே யாரும் அடிக்கமாட்டார்கள். கலசப்பாக்கம் பக்கம் மழை கறுத்தது. களத்தில் கிடந்தது எங்கள் வருஷச் சோறு. கெஞ்சினேன்.

"அந்தக் கரடிய வந்து அடிக்கச் சொல்லு மாப்ள," என்றார்.

"கெடுத்தது நீங்கதான? நீங்களே முன்னாடி நில்லுங்க," என்றாள் மனைவி.

நின்றேன். பதற்றத்தில் நாலு வாயில் வரவில்லை, ஏழுதான் வந்தது. தரையைப் பார்த்தபடி சத்தமாக எண்ணினேன். கனத்த அடி முதன்முறையாகத் தங்கள் பக்கமும் வந்ததில் எதிர்வரிசைக்கு வெறியே பிடித்துவிட்டது. சாமை கொட்டியது.

கடைசிக் குவியலில் முதல் தூறல் விழுந்தது. மச்சான் எழுந்து வந்து, என் வரிசையில் சேராமல், நேர் எதிரே நின்றார். தன் முறைக்குக் காத்திருந்து ஓங்கி ஓங்கிப் போட்டார். என் தலையென்று நினைத்தே அடித்திருப்பார். குவியல் சீக்கிரமே உதிர்ந்து மூட்டையாகி வீட்டுக்குள் போய்விட்டது.