மலைக்குப் பத்து, தம்பிக்குப் பத்து

துறைமுக வானொலியில் காற்றின் வேகத்தை வாசிக்கும் அந்த அம்மாளுக்குப் படகுக்காரர்கள் வைத்த பெயர் காத்தக்கா. ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. காலில் சக்கரம் கட்டியவள்.

எல்லாம் துறைமுகத்தை ஒட்டிய மலையால் வந்த வினை. அது கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. கடல்மேல் தாழக் கிடக்கும் குளிர்ந்த காற்று மலையேறித் தாண்டாது. முனையைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டுதான் வரும். அங்கே அதற்குப் பேய் வேகம். மலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் துறைமுகத்திலோ கொடி தூங்கிக்கொண்டிருக்கும். எந்தப் புண்ணியவானோ காற்றளக்கும் கருவியைத் துறைமுகக் கூரையில் கொண்டுபோய் வைத்துவிட்டான்!

அதனால் கருவி காட்டும் எண்ணோடு பத்து கூட்டி வாசிப்பாள். அது நியாயம்தான். தம்பி பயணிகள் படகு ஓட்ட வந்த பிறகு இன்னொரு பத்தும் கூட்டினாள். அது வெறும் பயம். காற்று மணிக்கு இருபத்தைந்து கடல் மைலைத் தாண்டினால் பயணிகள் படகு முனைப் பக்கம் போகக் கூடாது என்பது விதி. ஆறு வருடமாக யாரிடமும் மூச்சு விடாமல் இப்படியே ஓட்டிவிட்டாள்.

புதிதாக வந்த அதிகாரி முனையிலேயே ஒரு கருவியை நட்டார். "இனிமே திரையில இருக்கறதை அப்படியே வாசிங்கம்மா, போதும்" என்றார். இனிப் பொய் சொல்ல வேண்டாம், அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

முதல் நாள் காலை முப்பத்து மூன்று. அப்படியே வாசித்தாள். சற்று நேரத்தில் மீன்படகுக்காரர் ஒருவர் இன்னொருவரிடம் வானொலியில் சிரிப்பது கேட்டது.

"காத்தக்கா எப்பவும் பத்து சேர்த்துத்தான் சொல்லும்ப்பா. கழிச்சுக்கோ, இருபத்து மூணுதான். பயணிகள் படகே கிளம்பிருச்சு, நமக்கென்ன?"

அவள் ஒலிவாங்கியைப் பிடுங்கினாள். இத்தனை வருடமும் இவள் கூட்ட, அவர்கள் கழித்திருக்கிறார்கள்!

"தம்பி, திரும்பிடுடா! இன்னைக்கு நான் கூட்டலை! நிஜமாவே முப்பத்து மூணு!"

இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் வந்தது. "முனைக்கு வந்துட்டேன்க்கா. இப்பத் திருப்பினா கவுத்துடும். எழுபது பேர் இருக்காங்க. தாண்டித்தான் ஆகணும்."

அதிகாரியின் முன்னாலேயே அவள் எல்லாப் படகுகளுக்கும் சொன்னாள்: "யாரும் கிளம்பாதீங்க. ஆறு வருஷமா கூட்டிச் சொன்னேன். இன்னைக்குச் சொன்னது அசல்." வேலை போனால் போகட்டும். கதவுக்கும் திரைக்குமாக அலைந்தாள். முப்பத்து நான்கு. முப்பத்தாறு. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

இருபது நிமிடம் கழித்து அவன் பேசினான். "தாண்டிட்டோம்க்கா. இந்தப் பக்கம் காத்து அடங்கிருச்சு. ஒரு அம்மாவுக்குக் கை ஒடிஞ்சிருச்சு. மத்தவங்க நல்லா இருக்காங்க."

அவள் ஓவென்று அழுதுவிட்டாள். "உன் உசுருக்குப் பயந்துதான்டா கூட்டினேன்."

"தெரியும்க்கா. அதனாலதான் நானும் கழிச்சேன்."

மாலையில், திரும்பிப் புறப்படும் நேரத்துக்கு அவன் மறுபடி கூப்பிட்டான். "இப்ப எவ்வளவு?"

"இருபது."

"கூட்டியா, கூட்டாமலா?"

"கூட்டலைடா. சத்தியமா."

"சரிக்கா" என்றான். விதிப்படி வரலாம்தான். ஆனாலும் படகை அங்கேயே கட்டிவிட்டு, பயணிகளைப் பேருந்தில் அனுப்பிவைத்தான்.