பிள்ளை இல்லாமல் லினன் ரூமில் உட்கார்ந்தவள்

1. ஆறாம் நம்பர் ரூம்

நான் விழுந்தது ஆறாம் நம்பர் ரூமில். இரண்டாயிரத்துக்கு அப்புறம் ஒரு மே மாசம், சீசன் உச்சம். வட்டக்கானலில் நான் ஹவுஸ்கீப்பிங் பார்த்த காட்டேஜில், காலையில் செக்அவுட் ஆனால் மத்தியானத்துக்குள் அடுத்த பார்ட்டி வந்து நிற்கும். அதற்குள் பெட்ஷீட் மாற்றணும், பாத்ரூம் கழுவணும், விறகு பாய்லரிலிருந்து வெந்நீர் வாளியைப் படியேற்றணும். அன்றைக்கு அடிவயிற்றில் வலது பக்கம் குத்திக்கொண்டே இருந்தது. தோள்பட்டையும் வலித்தது. வாளி தூக்கின வலி என்று விட்டுவிட்டேன். மெத்தை மூலையைத் தூக்கி ஷீட்டைச் செருகும்போது கண் இருட்டிவிட்டது.

கூட வேலை பார்த்த மாரியக்காதான் ஓடிவந்து தூக்கினாள். என் வீட்டுக்காரர் செல்வம் டூரிஸ்ட் ஜீப் ஓட்டினார். அதிலேயே கொடைக்கானல் போனோம். அங்கே பார்த்தவர்கள் நிற்காமல் மதுரைக்குப் போகச் சொன்னார்கள். மலை இறங்குகிற ஒவ்வொரு வளைவிலும் உயிர் போய்ப் போய் வந்தது.

கரு கர்ப்பப்பைக்குப் போகாமல் குழாயிலேயே தங்கிவிட்டதாம். குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம். வயிற்றைத் திறந்து அந்தக் குழாயை எடுத்தார்கள். நான் முழுகாமல் இருந்ததே எனக்கு அங்கேதான் தெரிந்தது. அழுதேன், நன்றாகவே அழுதேன்.

டாக்டரம்மா, "ஒன்றரை மாசம் வெயிட் தூக்கக் கூடாதும்மா. வெளித் தையல் ஆறினாலும் உள்ளே இழுத்துப் பிடிக்கும்" என்றார்.

2. வழக்கம்

எங்கள் காட்டேஜில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்புகிறவளை ரூமுக்கு அனுப்ப மாட்டார்கள். கொஞ்ச காலம் லினன் ரூமில் உட்கார்ந்து டவல், ஷீட் மடிப்பாள். அயர்ன் பாக்ஸ் சூட்டில் அந்த ரூம் கதகதப்பாக இருக்கும். எனக்கும் அங்கேதான் வேலை என்று நம்பி, தையல் பிரித்த கொஞ்ச நாளிலேயே போய் நின்றேன்.

மேனேஜர் சார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "லினன் ரூம் பிள்ள பெத்தவங்களுக்குத்தானம்மா? ஒனக்குத்தான் பிள்ள இல்லையே. எட்டாம் நம்பர் செக்அவுட் ஆகிக் கெடக்கு, வெரசா போ" என்றார். கெட்ட மனுஷன் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு வந்தவர்தான். அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது.

மாரியக்கா காதைக் கடித்தாள். "ஏ புள்ள, வயித்து வலின்னு வாயத் தொறக்காத. இடுப்புப் பிடிப்புன்னு சொல்லு. இந்தச் சமாச்சாரத்தப் போயி ஆம்பளைகிட்டப் பேசுவியா? சீசன்ல ஆள மாத்திருவாங்க."

எட்டாம் நம்பருக்குப் போனேன். மெத்தையைத் தூக்கினதும் உள்ளே கொக்கி போட்டு இழுத்த மாதிரி இருந்தது. பாத்ரூம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வலியைவிட ஆத்திரம்தான் அதிகம்.

வீட்டில் செல்வம், "வேலைய விட்டுரு" என்றார்.

"நான் என்ன தப்பு செஞ்சேன் வேலைய விட?" என்றேன்.

3. உட்கார்ந்தேன்

மறுநாள் வெள்ளனே போய் லினன் ரூமில் உட்கார்ந்து டவல் மடிக்க ஆரம்பித்தேன். மேனேஜர் வாசலில் வந்து நின்றார்.

"யாரக் கேட்டு இங்க உக்காந்த?"

"யாரையும் கேக்கல சார்."

"நேத்தே சொன்னேன்லம்மா?"

"சார், இங்க ரெஸ்ட் பிள்ளைக்கா குடுக்குறீங்க? பெத்தவ ஒடம்புக்குத்தான? என் வயித்தையும் கிழிச்சுத்தான் தச்சிருக்கு. பிள்ள இல்லைங்கிறதுக்காகத் தையல் வெரசா ஆறிருமா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "இதெல்லாம் இவ்வளவு சத்தமாப் பேசணுமா?"

"மெதுவாச் சொன்னா நீங்க ரூம் நம்பரச் சொல்றீங்க சார்."

அழுக்குத் துணிக் கூடையோடு மாரியக்கா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். என்னை ஒரு பார்வை, அவரை ஒரு பார்வை. கூடையை இறக்கி வைத்துவிட்டு, "மடிச்சதக் குடு புள்ள. ஒன் ரூமுகளையும் நான் பாத்துக்கிறேன்" என்றாள். மேனேஜர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். சரி என்றும் சொல்லவில்லை, எழுந்திரு என்றும் சொல்லவில்லை. நான் மடித்துக்கொண்டே இருந்தேன்.

மழைக்காலம் வந்ததும் ரூம் வேலைக்குத் திரும்பினேன். வலி போனபாடில்லை. மூட்டம் இறங்குகிற குளிரிலும், மாசா மாசம் அந்த நாட்களிலும் வலது பக்கம் பிடித்து இழுக்கும். "இன்னுமா வலிக்குது? எல்லாம் மனசுதான்" என்று சொல்லாத ஆள் இல்லை. தனியாக மெத்தை தூக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "ரெண்டு பேர் போனா சோலி எப்ப முடியும்?" என்று மேனேஜர் குதித்தார். "அப்ப நீங்க ஒரு மூலையப் பிடிங்க சார்" என்றேன். அதுக்கப்புறம் மெத்தைக்கு இரண்டு பேராகத்தான் போனோம். மற்றவர்களுக்கும் இடுப்பு என்று ஒன்று இருக்கிறதே.

எனக்கு அப்புறமும் பிள்ளை இல்லை. அந்த வேலையில் தலை நரைக்கும்வரை இருந்தேன். புதிதாக ஹவுஸ்கீப்பிங்குக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வலிக்கிறது என்று சொல்வதற்குக் கையில் பிள்ளையைத் தூக்கிக் காட்ட வேண்டியதில்லை. வலித்தால் உட்காருங்கள். கேட்பவர்களுக்கு உட்கார்ந்துகொண்டே பதில் சொல்லுங்கள்.